ஒரே பிராட்பேண்ட் இணைப்பை வீட்டின் எல்லாக் கணினிகளுக்கும் பகிர்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

திருச்சியில் என் அக்கா வீடு கீழும் மேலுமாக இரண்டு தளங்கள் கொண்டது. ஃபைபர் இணைப்பு வாசல் பக்கத்துச் சுவரைத் துளைத்துக்கொண்டு கீழ் ஹாலுக்குள் வருகிறது. அத்தான் கணக்கு வேலை பார்க்கும் மேசைக் கணினி மாடியில் பின்பக்க அறையில் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் மகளின் மடிக்கணினி அவள் உட்காரும் இடமெல்லாம் நகர்கிறது. இவை தவிர ஒரு பிரிண்டர், ஒரு டிவி, வாசலைப் பார்க்கும் இரண்டு கேமராக்கள், நான்கு கைபேசிகள். 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாதந்தோறும் பணம் கட்டியும், மாடியில் ஒரு வீடியோ அழைப்புகூட முழுதாக நடந்து முடிந்ததில்லை. இணைப்புக் கொடுத்தவரை மூன்று முறை வரவழைத்தார்கள். மூன்று முறையும் அவர் கீழே பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வேகத்தை அளந்து, 300 வருகிறது என்று காட்டிவிட்டுப் போனார். அவர் காட்டியது உண்மைதான். குறை வீட்டுக்குள் இருந்தது.

அந்த வீட்டைச் சரிசெய்ய இரண்டு நாள் பிடித்தது. அப்போது செய்த வேலைகளையே, செய்த வரிசையில், காரணங்களோடு எழுதுகிறேன். வீட்டுக்கு வீடு சுவரும் பெட்டியும் மாறினாலும் மூன்று விதிகள் மாறுவதில்லை: நகராத கருவிகளுக்குக் கேபிளும் நகரும் கருவிகளுக்கு வைஃபையும், வீடு முழுவதற்கும் முகவரி வழங்கும் பெட்டி ஒன்றே ஒன்று, ஒவ்வொரு படியும் முடிந்தவுடன் அளந்து பார்த்த பிறகே அடுத்த படி.

முதல் படி: தாளில் வீட்டை வரைதல்

கடைக்குப் போய் எதையும் வாங்குவதற்கு முன், ஒரு தாளில் வீட்டின் இரண்டு தளங்களையும் தோராயமாக வரைந்து, ஃபைபர் உள்ளே வரும் இடத்தையும் ஒவ்வொரு கருவியும் இருக்கும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மேசைக் கணினி, டிவி, பிரிண்டர், கேமராப் பதிவுப் பெட்டி ஆகிய நகராத கருவிகளைச் சுற்றி வட்டமிடுங்கள். இந்த வட்டங்கள்தான் கேபிள் போய்ச் சேர வேண்டிய இடங்கள். மேசைக் கணினிக்குக் கேபிள் கொடுத்தால் அதற்கு மட்டும் நன்மை என்று பலர் நினைக்கிறார்கள். வைஃபை என்பது ஒரே அறையில் பலர் பேசுவதைப் போன்றது. ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மணிக்கணக்கில் படம் ஓட்டும் டிவியைக் கேபிளுக்கு மாற்றினால், அது பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் மடிக்கணினிக்கும் கைபேசிகளுக்கும் திரும்பக் கிடைக்கிறது.

வேகக் கணக்கில் ஒரு குழப்பத்தையும் இப்போதே தீர்த்துக்கொள்ள வேண்டும். இணைப்பு நிறுவனம் சொல்வது மெகாபிட் கணக்கு. ஒரு கோப்பைத் தரவிறக்கும்போது திரையில் பெரும்பாலும் தெரிவது மெகாபைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100 எம்பிபிஎஸ் இணைப்பில் விநாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. திரையில் 12 என்று பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று கோபப்படுபவர்களின் இணைப்பு உண்மையில் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் படி: வாசலில் இருக்கும் பெட்டியைப் புரிந்துகொள்ளுதல்

நிறுவனத்தார் சுவரில் மாட்டிக் கொடுக்கும் அந்த ஒரு பெட்டிக்குள் பல வேலைகள் நடக்கின்றன. கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின் குறிகளாக மாற்றுவது ஒன்று. அந்தப் பகுதிக்கு ஓஎன்டி என்று பெயர். வீட்டுக்குக் கிடைத்த ஒற்றை இணையத் தொடர்பை எல்லாக் கருவிகளுக்கும் பகிரும் ரூட்டர் இன்னொன்று. வீட்டுக் கருவிகளின் கேபிளைச் செருகும் நான்கு லேன் (LAN) துளைகள் கொண்ட, இணைப்பைப் பலவாகப் பிரிக்கும் சிறிய சுவிட்சும், வைஃபை ஒலிபரப்பும் மற்றவை. எந்தக் கோளாறு வந்தாலும், இவற்றில் எந்த வேலை தடைப்பட்டிருக்கிறது என்று கேட்கப் பழகினால் பாதி விடை கையில் வந்துவிடும்.

பகிர்வது எப்படி நடக்கிறது என்பதை ஓரளவாவது தெரிந்துகொள்வது நல்லது. கருவிகளுக்கு எண்களால் முகவரி தரும் பழைய ஐபி முறையில் உலகம் முழுவதற்கும் உள்ள முகவரிகள் சுமார் 429 கோடிதான். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒன்று கொடுக்க அது போதாது. அதனால் 192.168 என்று தொடங்கும் முகவரிகளும், 10 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரையிலானவையும் வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் பயன்படுத்துவதற்கு ஒதுக்கப்பட்டன. வீட்டுக்குள் இந்த உள்முகவரிகளோடு உலவும் கருவிகள் வெளியே எதையாவது கேட்கும்போது, ரூட்டர் தன் ஒரே வெளிமுகவரியைப் போட்டு அனுப்பி, யார் கேட்டது என்பதைக் குறித்துவைத்து, பதில் வந்ததும் உரியவரிடம் சேர்க்கிறது. நாட் என்று சொல்லப்படும் இந்த வேலைக்கு ஒரு காலத்தில் ஒரு கணினியே பொறுப்பேற்க வேண்டியிருந்தது. 1999இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில்தான் இணைப்பைப் பகிரும் வசதி விண்டோஸுக்குள்ளேயே முதன்முதலாக வந்தது. அந்தக் கணினியை அணைத்தால் மற்ற எல்லாக் கணினிகளுக்கும் இணையம் போய்விடும். இன்று கைப்பிடி அளவுப் பெட்டி அதை இரவும் பகலும் செய்கிறது.

உள்முகவரிகளை வழங்குவதும் அதே ரூட்டர்தான். டிஎச்சிபி என்பது அந்த வழங்கும் வேலையின் பெயர். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாடிக்கு இரண்டாவது பெட்டி வைக்கும்போது இதுதான் வில்லங்கத்தைக் கொண்டுவரும்.

மூன்றாம் படி: ஃபைபரையும் விளக்குகளையும் பார்த்தல்

பெட்டியின் முகப்பில் பான் (PON) என்று குறிக்கப்பட்ட விளக்கு சிமிட்டாமல் எரிய வேண்டும்; லாஸ் (LOS) என்ற சிவப்பு விளக்கு எரியவே கூடாது. அது எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது வீட்டுக்குள் எதைத் திருகியும் பயனில்லை. பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் ஒளித்திறன் டிபிஎம் கணக்கில் காட்டப்பட்டால் அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பரவலாக உள்ள ஜிபான் வகைப் பெட்டிகளுக்கு அது மைனஸ் 8க்கும் மைனஸ் 27க்கும் இடையில் இருக்க வேண்டும். மைனஸ் 27ஐ நெருங்கினால் இணைப்பு அறுந்து அறுந்து வரும்.

உள்ளே வரும் மெல்லிய இழையைக் கம்பியைப் போல மடக்கிவிடக் கூடாது. மீந்து கிடக்கும் நீளத்தை ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்கு வளையமாகச் சுற்றித் தொங்கவிடலாம். டிவி மேசைக்கும் சுவருக்கும் இடையில் நசுங்கவிட்டால் ஒளி வழியிலேயே கசிந்துவிடும். இழையின் முனையைக் கழற்ற நேர்ந்தால் நுனியை விரலால் தொடாதீர்கள், அதற்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கக்கூடியது.

இதே நேரத்தில் ஒரு கணினியை நேராகப் பெட்டியின் லேன் துளையில் இணைத்து, பிரவுசரில் 192.168.1.1 என்ற முகவரிக்குப் போய் (சில பெட்டிகளில் 192.168.0.1 அல்லது 192.168.100.1, சரியானது பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும்) நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். வைஃபை கடவுச்சொல் வேறு, நிர்வாகக் கடவுச்சொல் வேறு. பின்னதை மாற்றாமல் விடும் வீடுகளே அதிகம். அதை அறிந்த எவரும், ஒரு விருந்தாளியின் கைபேசியில் புகுந்திருக்கும் தீய செயலி உட்பட, உங்கள் வீட்டின் மொத்தப் போக்குவரத்தையும் வேறு பக்கம் திருப்பிவிட முடியும். கணினி நேராக இணைந்திருக்கும் இந்த நிலையிலேயே ஒரு வேக அளவீடும் எடுத்துத் தாளின் மூலையில் எழுதுங்கள். இனி எடுக்கும் எல்லா அளவுகளையும் இதனோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

நான்காம் படி: கேபிள்

இந்த வேலையில் பணமும் நேரமும் அதிகம் கேட்பது இந்தப் படி. சரியாகச் செய்தால் பல ஆண்டுகளுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாத படியும் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டுக்குக் கேட் 6 கேபிள் போதும். கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை ஜிகாபிட் வேகத்தை, அதாவது 1000 மெகாபிட்டை, தாங்கும். கேட் 6 அதோடு சுமார் 55 மீட்டர் வரை 10 ஜிகாபிட்டும் தாங்கும். நம் வீடுகளில் எந்த அறைக்கும் 30 மீட்டருக்கு மேல் போகாது. எண்ணைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் உலோகம். அலுமினியக் கம்பியின் மேல் செம்புப் பூச்சுப் பூசிய கேபிள்கள் சிசிஏ என்ற பெயரில் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கும், உள்ளூர்க் கடையிலும் கிடைக்கும், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஒரு இழையை எடுத்துக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம். இரண்டு மூன்று முறை வளைத்தாலே முறியும், கேபிள் முனையில் மாட்டும் பிளாஸ்டிக் கிளிப்பின் பற்களுக்கு அடியில் நாளடைவில் தளரும். கேமராவுக்கு அதே கேபிள் வழியாக மின்சாரமும் அனுப்பினால் சூடாகும். சுவருக்குள் போகும் கேபிளில் மிச்சம் பிடிக்கவே கூடாது. முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள்.

புது வீடு கட்டுபவர்கள் சுவர் பூசுவதற்கு முன்பே ஒவ்வொரு அறைக்கும் மின்சாரப் பைப்பிலிருந்து தனியாக ஒரு பைப் போட்டுவைக்க வேண்டும். கட்டி முடிந்த வீட்டில் மூன்று வழிகள் உண்டு: பயன்படாமல் கிடக்கும் பழைய டிவி கேபிள் பைப், சுவரை ஒட்டி ஓடும் பிளாஸ்டிக் கேசிங் பட்டை, வெளிச்சுவர் வழியாக ஏறி ஜன்னல் ஓரத்தில் உள்ளே வருவது. அக்கா வீட்டில் முதல் வழியே அமைந்தது. மொட்டை மாடி டிஷ் ஆண்டெனாவிலிருந்து கீழ் ஹாலுக்கு வந்த பைப்பில், பழைய டிவி கேபிளின் நுனியில் புதுக் கேபிளைக் கட்டி மேலிருந்து ஒருவர் இழுக்க, கீழிருந்து ஒருவர் மெதுவாகத் தள்ளிக்கொடுத்தோம். முரட்டுத்தனமாக இழுத்தால் உள்ளே முறுக்கியிருக்கும் ஜோடிகள் நீண்டு கேபிளின் தரம் கெடும். மின்சாரக் கம்பி போகும் பைப்பில் இதை ஒருபோதும் சேர்த்துப் போடாதீர்கள்; இரைச்சல் புகுவது சிறிய தொல்லை, 230 வோல்ட் கம்பியின் உறை உரிந்து இதன்மேல் படுவது உயிருக்கு ஆபத்து. இரண்டும் குறுக்கிட்டே ஆகவேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கும்படி விடுங்கள். கேபிள் போக வேண்டிய இடத்துக்கு இரண்டு கேபிளாக இழுத்துவிடுவது என் வழக்கம். ஒன்று கெட்டால் மற்றொன்று இருக்கும், இழுக்கும் கூலி ஒன்றுதான்.

முனைகளில் கிளிப் அடிக்கும்போது நிற வரிசை பிழையக் கூடாது. கிளிப்பின் கொக்கி கீழ்ப்பக்கம் இருக்க, செம்புப் பற்கள் உங்களைப் பார்க்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரு முனைகளிலும் இதே வரிசைதான். ஜோடிகளின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள்; அந்த முறுக்குதான் பக்கத்து ஜோடியின் குறி இதில் ஏறாமல் காக்கிறது. வெளியுறை கிளிப்புக்குள் போய் அதன் பிடிக்குள் அமர வேண்டும். உறை வெளியே நின்று இழைகள் மட்டும் தெரிந்தால் வெட்டிவிட்டு மறுபடி அடிப்பதே சரி.

அக்கா வீட்டில் கேபிள் இழுத்து, கிளிப் அடித்து, மேசைக் கணினியில் செருகி அளந்தபோது 94 காட்டியது. மறுபடி அளந்தேன், 94. மூன்றாம் முறையும் 94. கீழே 300 வரும் வீட்டில் மேலே ஒவ்வொரு முறையும் இம்மி பிசகாமல் 94 வந்தால் அதற்கு ஒரே பொருள்தான்: இணைப்பு 100 மெகாபிட் நிலைக்கு இறங்கிவிட்டது. பழைய 100 மெகாபிட் முறை எட்டு இழைகளில் 1, 2, 3, 6 ஆகிய நான்கை மட்டுமே பயன்படுத்தும். ஜிகாபிட் முறைக்கு எட்டும் வேண்டும். ஏதோ ஒரு இழை தொடவில்லை, மிச்சத்தை வைத்துக்கொண்டு கணினியும் ரூட்டரும் தமக்குள் பேசி முடித்துக் குறைந்த வேகத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டன. கேபிள் டெஸ்டரின் இரு பாதிகளையும் இரு முனைகளிலும் மாட்டியதும், விளக்குகள் 1, 2, 3 என்று வரிசையாக எரிந்து வந்து ஏழாவது எரியாமலே எட்டுக்குத் தாவியது. மேல் முனைக் கிளிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், வெள்ளைப் பழுப்பு இழை மட்டும் மற்றவற்றைவிட ஒரு மில்லிமீட்டர் பின்தங்கி, பல்லுக்குக் கீழே வராமல் நின்றுகொண்டிருந்தது. வெட்டி, எட்டு இழைகளையும் சமமாக நறுக்கி மறுபடி அடித்தபின் 297 வந்தது. சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கும் அந்த டெஸ்டர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

ஐந்தாம் படி: சுவிட்ச்

பெட்டியில் இருக்கும் துளைகள் போதாவிட்டால், ஐந்து அல்லது எட்டுத் துளை ஜிகாபிட் சுவிட்ச் ஒன்று வாங்குங்கள். அட்டையில் ஜிகாபிட் என்று தெளிவாக இருக்க வேண்டும். 10/100 என்று மட்டும் போட்டிருந்தால் மேலே சொன்ன 94 மறுபடி வரும். நிறுவனம் கொடுத்த பெட்டியிலேயே சில வேளை ஒரு துளை மட்டும் ஜிகாபிட்டாகவும் மற்றவை 100 மெகாபிட்டாகவும் இருப்பதுண்டு, அப்படியானால் சுவிட்சை அந்த ஜிகாபிட் துளையில் இணைக்க வேண்டும். சுவிட்சுக்கு எந்த அமைப்பும் தேவையில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: ஒரே கேபிளின் இரு முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகிவிடாதீர்கள். தகவல் பொட்டலங்கள் வட்டமடித்துப் பெருகி, சில விநாடிகளில் வீட்டின் மொத்த நெட்வொர்க்கும் முடங்கிவிடும். வீட்டைச் சுத்தம் செய்யும்போது தொங்கிக்கொண்டிருந்த முனையை நல்லெண்ணத்தோடு காலித் துளையில் செருகிவிடுவது சகஜம் என்பதால், ஒவ்வொரு கேபிளின் முனையிலும் அது போகும் அறையின் பெயரை ஒட்டிவையுங்கள்.

ஆறாம் படி: வைஃபை

ரூட்டரை ஃபைபர் வரும் மூலையிலேயே வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இழையை நீட்டவோ, பெட்டியிலிருந்து கேபிள் இழுத்து வைஃபை பெட்டியை வேறிடத்தில் வைக்கவோ முடியும். நெஞ்சுயரத்துக்கு மேல், திறந்த இடத்தில், அதிக நேரம் புழங்கும் அறைகளுக்கு நடுவில் இருப்பது நல்லது. இரும்பு பீரோவுக்குப் பின்னாலும், டிவிக்குப் பின்னாலும், மீன்தொட்டிக்குப் பக்கத்திலும் வைக்கக் கூடாது. இரும்பு அலையைத் திருப்பி அனுப்பும், தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். நம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அலையைக் கணிசமாகக் குறைக்கும். இரும்புக் கம்பி வலை பதித்த கான்கிரீட் தளம் அதைவிடவும் மோசம். அதனால்தான் கீழ் ஹாலில் எவ்வளவு விலையுயர்ந்த ரூட்டரை வைத்தாலும் மாடிப் பின்னறைக்குப் போய்ச் சேருவதில்லை. கைபேசியில் வைஃபை கோடுகள் தெரிவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெட்டியின் குரல் கைபேசிக்குக் கேட்டாலும், கைபேசியின் மெல்லிய குரல் திரும்பிப் பெட்டிக்குக் கேட்க வேண்டும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், வேகம் குறைவு, நெரிசல் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4இல் ஒன்றையொன்று தொடாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். கைபேசியில் வைஃபை அலசும் செயலி ஒன்றைப் போட்டு, அக்கம்பக்கத்தார் குறைவாக நிற்கும் எண்ணை அந்த மூன்றுக்குள்ளேயே தேர்ந்தெடுங்கள். காலியாக இருக்கிறதென்று 3ஐயோ 8ஐயோ எடுத்தால், இரண்டு பக்கத்து இரைச்சலும் உங்கள்மேல் விழும். 2.4இல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்றே வையுங்கள். 5இல் 80 வைக்கலாம்.

பாதுகாப்புக்கு, கருவிகள் ஏற்றால் டபிள்யூபிஏ 3, ஏற்காத பழைய கருவிகள் இருந்தால் டபிள்யூபிஏ 2, ஏஇஎஸ் குறியாக்கத்தோடு. கடவுச்சொல் குறைந்தது 14 எழுத்துகளாவது இருக்கட்டும். கைபேசி எண்ணையும் வண்டி எண்ணையும் வைக்காதீர்கள். பொத்தானை அழுத்தினால் இணையும் டபிள்யூபிஎஸ் வசதியில் எட்டு இலக்க எண் கொண்டு இணையும் முறையை அணைத்துவிடுங்கள். அந்த எண்ணை ரூட்டர் இரண்டு பாதிகளாகச் சரிபார்ப்பதாலும், கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவதாலும், பத்து கோடி முயற்சி தேவைப்பட வேண்டிய இடத்தில் 11,000 முயற்சியே போதும் என்பது 2011 டிசம்பரிலேயே வெளியானது. விருந்தினருக்கும், மலிவு விலை வைஃபை பல்புகளுக்கும், கேமராக்களுக்கும் தனி விருந்தினர் நெட்வொர்க் ஒன்றைத் திறந்துவிடுங்கள்; அவை இணையத்தை அடையும், உங்கள் கணினிகளை அடையா.

ஏழாம் படி: மாடிக்கு இரண்டாவது பெட்டி

மிக அதிகமாகப் பிழை நடக்கும் இடம் இது. கடையில் இன்னொரு ரூட்டர் வாங்கி, கீழிருந்து வரும் கேபிளை, இணையம் உள்ளே வருவதற்கான அதன் வான் (WAN) துளையில் செருகிவிட்டால் இணையம் வரும். எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். ஆனால் வீட்டுக்குள் இப்போது முகவரி வழங்கும் பெட்டிகள் இரண்டு. மாடியில் இருப்பவர்கள் தனி ஊர், கீழே இருப்பவர்கள் தனி ஊர். மாடி மடிக்கணினியால் கீழே இருக்கும் பிரிண்டரைப் பார்க்க முடியாது, கேமரா செயலி ஒரு தளத்தில் வேலை செய்யும், மறு தளத்தில் செய்யாது. அக்கா வீட்டில் ஒரு வருடமாக இருந்தது இதுதான். அச்செடுக்க வேண்டுமானால் மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கீழே வருவாள்.

இதற்குத் தீர்வு, இரண்டாவது பெட்டியை, முகவரி வழங்காமல் வைஃபை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றுவது. பெரும்பாலான ரூட்டர்களின் அமைப்புப் பக்கத்தில் அந்தத் தேர்வு இருக்கும். அதை எடுத்தால் எந்தத் துளையில் கேபிளைச் செருக வேண்டும் என்பதையும் அதுவே சொல்லும். தேர்வு இல்லாத பழைய பெட்டியானால், முதலில் அதைத் தனியே ஒரு கணினியோடு இணைத்து, அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். பிறகு டிஎச்சிபியை அணையுங்கள். அதன்பின் கீழிருந்து வரும் கேபிளை வான் துளையில் போடாமல், லேன் துளைகளில் ஒன்றில் செருகுங்கள். வரிசை முக்கியம்: டிஎச்சிபியை முதலில் அணைத்துவிட்டால், உங்கள் கணினிக்கு முகவரி வழங்க ஆளின்றி அமைப்புப் பக்கத்துக்கே திரும்ப முடியாமல் போகலாம். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் பாதுகாப்பு முறையும் கீழே இருப்பதைப் போலவே இருக்கட்டும், சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும். அப்போதுதான் கைபேசியோடு மாடியேறும்போது தானாக மாறிக்கொள்ளும்.

கேபிள் இழுக்கவே வழியில்லாத வீட்டுக்கு, ஒன்றோடொன்று பேசி ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் பெட்டிகள் உண்டு. அவை நல்லவைதான், ஆனால் இரண்டு பெட்டிகளும் காற்றிலேயே பேசிக்கொண்டால், அந்தப் பேச்சுக்கும் அதே அலை செலவாகும் என்பதால் வேகம் பாதிக்குக் கீழேயும் இறங்கலாம். மெஷ் வாங்கினாலும் இரண்டுக்கும் நடுவில் ஒரு கேபிள் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். சுவர்ப் பிளக்கில் செருகி அலையைப் பெருக்கித் தரும் ரிப்பீட்டரை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

எட்டாம் படி: நிலையான முகவரிகளும் பகிர்வும்

பிரிண்டர், கேமராப் பெட்டி, மேசைக் கணினி போன்றவற்றுக்கு முகவரி நாளுக்கு நாள் மாறக் கூடாது. ரூட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் முகவரி ஒதுக்கீடு என்ற பொருளில் ஒரு பகுதி இருக்கும். அங்கே ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்ணான மேக் எண்ணைக் கொடுத்து, பிரிண்டருக்கு 192.168.1.10, கேமராப் பெட்டிக்கு 192.168.1.11 என்று ஒதுக்கிவிடலாம். கருவிக்குள் போய் முகவரியைக் கையால் எழுதுவதைவிட இது மேல். எல்லா ஒதுக்கீடும் ஒரே பக்கத்தில் தெரியும்.

விண்டோஸ் கணினிகளுக்கிடையே கோப்புகளைப் பகிர, இரண்டிலும் வீட்டு நெட்வொர்க்கை ப்ரைவேட் என்று குறிக்க வேண்டும்; பப்ளிக் என்றிருந்தால் ஃபயர்வால் மற்ற கணினிகளுக்கு வாசலைச் சாத்திவிடும். பகிர வேண்டிய ஒரு கோப்புறையை மட்டும் தனியாக உருவாக்கி, கடவுச்சொல்லோடு பகிருங்கள். முழு டிரைவையும் திறந்துவிடாதீர்கள். பழைய ஸ்கேனரோ பழைய பதிவுப் பெட்டியோ வேலை செய்யவில்லை என்றால், எஸ்எம்பி 1 என்ற பழைய பகிர்வு முறையை இயக்கச் சொல்லிச் சில குறிப்புகள் கூறும். 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை பரவியது அந்த முறையின் ஓட்டை வழியாகத்தான். பழைய கருவியைக் கைவிடுவது அதைவிட மலிவு.

வெளியூரிலிருந்து கேமராவைப் பார்ப்பதற்கு ரூட்டரில் போர்ட் திறந்துவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது கேமராவின் நுழைவாயிலை உலகத்துக்கே திறப்பது, செய்ய வேண்டாம். பல வீடுகளில் அது பலிக்கவும் செய்யாது. ரூட்டரின் வான் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரம்பில் இருந்தால், நிறுவனமே பல வீடுகளுக்கு ஒரே வெளிமுகவரியைப் பகிர்ந்து கொடுக்கிறது என்று பொருள். வெளியிலிருந்து அந்த முகவரி வழியாக உங்கள் வீட்டை நேராகத் தேடி வர வழியில்லை. கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகவோ, பூட்டிய தனிவழி போன்ற விபிஎன் வழியாகவோ பார்ப்பதே ஏற்றது.

ஒன்பதாம் படி: மின்சாரம்

பான் வகை ஃபைபர் இணைப்பில், நிறுவனத்தின் அலுவலகத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒளியைப் பிரிக்கும் பெட்டிகளுக்கு மின்சாரமே தேவையில்லை. ஆகவே தெருவில் மின்சாரம் போனாலும், அலுவலகத்தில் பேட்டரி இருக்கும்வரை ஒளி வந்துகொண்டேதான் இருக்கும். உங்கள் பெட்டி அணைவதால்தான் இணையம் போகிறது. 12 வோல்ட்டில் ஓடும் பெட்டிகளுக்கென்றே விற்கும் சிறு யுபிஎஸ் ஒன்றை மாட்டினால் மின்வெட்டின்போதும் வேலை நடக்கும். வாங்கும்போது பெட்டியின் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் ஒப்பிடுங்கள். மாடியில் சுவிட்சும் ஆக்சஸ் பாயிண்டும் இருந்தால் அவற்றுக்கும் தனியே வேண்டும். ஐப்பசி மழையில் இடி இறங்கும் நாட்களில், மொட்டை மாடிக் கேமராவிலிருந்து உள்ளே வரும் செம்புக் கேபிளைச் சுவிட்சிலிருந்து கழற்றிவிடுங்கள்; கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது, செம்பு கடத்தும்.

கோளாறு வரும்போது

இணையம் வரவில்லை என்றால் உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு கட்டமாகப் போங்கள். கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், அதற்கு முகவரி வழங்குபவர் யாரும் கிடைக்கவில்லை. கேபிளையோ வைஃபையையோ பாருங்கள். முகவரி சரியாக இருந்தால், கமாண்ட் ப்ராம்ப்டில் ரூட்டரின் முகவரியான 192.168.1.1க்கு, பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் குறை உங்களுக்கும் ரூட்டருக்கும் இடையில். வந்தால், வெளி இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு அனுப்புங்கள். அதற்கும் பதில் வந்து, இணையப் பக்கங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் வேலைதான் தடைப்பட்டிருக்கிறது. ரூட்டரில் டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ரூட்டர் வரை பதில் வந்து 8.8.8.8க்கு மட்டும் பதில் இல்லாவிட்டால்தான் நிறுவனத்தை அழைக்க வேண்டும். அழைக்கும்போது லாஸ் விளக்கு எரிகிறதா, ஒளித்திறன் இப்போது எவ்வளவு, அன்று தாளில் குறித்தபோது எவ்வளவு இருந்தது, பெட்டியில் நேராகக் கேபிள் செருகி அளந்த வேகம் எவ்வளவு என்ற நான்கையும் சொல்லுங்கள். வருபவர் நேராகக் கம்பத்துக்குப் போவார்.